சட்டையில் பெயர் போட்டவர் புரவலரா?

விளையாட்டு அணிக்குப் பணம் தரும் ஸ்பான்சரைப் 'புரவலர்' என்று சொல்வது மூன்றாம் முறை எதிர்ப்பட்ட பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். முதலில் அதைப் பார்த்தது, இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் நடந்த இளைஞர் கால்பந்துப் போட்டியின் அழைப்பிதழில். பிறகு பரிசளிப்பு அன்று ஒலிபெருக்கியில் கேட்டேன். மூன்றாவது, எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில். கடையெழு வள்ளல்கள் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பாரி பெரும் புரவலன் என்று சொல்லி வாய் மூடவில்லை, பதினொரு வயதுப் பையன் ஒருவன் கையைத் தூக்கினான்: "டீச்சர், பாரி எந்த டீமுக்குப் புரவலர்?"

அவன் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அவன் அண்ணன் ஆடும் அணியின் சட்டையில், மார்புக்கு நடுவே, பந்தயம் கட்டும் கம்பெனி ஒன்றின் பெயர் இருக்கிறது. அந்தக் கம்பெனியைத்தான் அழைப்பிதழில் 'புரவலர்' என்று அச்சடித்திருந்தார்கள். படித்ததை வைத்துப் பையன் சரியாகத்தான் கூட்டிப் பார்த்தான். குற்றம் அந்தச் சொல்லை அவன் கையில் கொடுத்த பெரியவர்களுடையது.

ஸ்பான்சர் என்ற சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லத்தீனில் 'ஸ்பாண்டெரே' என்றால் வாக்குக் கொடுத்தல். இன்னொருவருக்காக வாக்குக் கொடுத்துப் பிணை நின்றவர் 'ஸ்பான்சர்'. திருமுழுக்கில் குழந்தைக்காக உறுதிமொழி சொல்பவரையும் அப்படி அழைத்தார்கள். அவருக்குத் தமிழில் ஞானத்தாய், ஞானத்தந்தை என்று அழகான சொற்கள் எப்போதோ வந்துவிட்டன. 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்க வானொலியில், நிகழ்ச்சியின் செலவை ஏற்றுத் தன் சரக்கின் பெயரை நடுநடுவே சொல்ல வைத்த கம்பெனிக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. மைதானத்துக்குள் வந்தது இந்த வானொலிப் பொருள்தான். கூடவே வரும் 'ஜெர்சி' ஒரு தீவின் பெயர். அங்கே பின்னிய கம்பளிச் சட்டைக்கு ஆகி, பிறகு ஆட்டக்காரர் சட்டைக்கும் ஆனது. இங்கே டர்பனில், குளிர்காலமான ஜூலை மாதத்தில், "ஜெர்சி போட்டுக்கொள்" என்றால் இன்றும் கம்பளிச் சட்டைதான். தமிழ்நாட்டில் ஜெர்சி என்றால் பால் மாடு. அதுவும் அதே தீவிலிருந்து வந்ததே.

இனி புரவலர். புரத்தல் என்றால் காத்தல். புரப்பவன் புரவலன். இந்தச் சொல்லுக்கு ஓர் இணை உண்டு, இரவலர். புறநானூற்றில் இரண்டும் கை கோத்தே வரும். இல்லை என்று வந்தவன் இரவலன், அவனுக்கு இல்லையென்னாதவன் புரவலன். பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தான். மயில் கேட்கவில்லை, அதற்குப் போர்வை தேவையும் இல்லை. குளிருமே என்று அவன் மனம் பதறியது, கொடுத்தான். அந்தப் போர்வையில் அவன் பெயர் எழுதியிருக்கவில்லை. சட்டை கொடுத்ததாகச் சொல்லப்படும் கம்பெனியை இந்தச் சொல்லால் அழைப்பவர்கள் பேகன் கதையை ஒரு முறை நினைத்துப் பார்க்கட்டும்.

நடப்பது என்ன? அணி தன் மார்பில் ஓர் இடத்தை விற்கிறது, கம்பெனி வாங்குகிறது. இத்தனை ஆண்டு, இத்தனை பணம், எழுத்து இவ்வளவு பெரிது என்று ஒப்பந்தம். காலம் முடிந்தால் புதுப்பிப்பார்கள், இல்லையென்றால் வேறொருவர் வருவார். ஊர்ப்புறத்தில் இதற்குக் குத்தகை என்று பெயர்.

முதல் பெரிய உதாரணத்தையே பாருங்கள். 1973இல் மேற்கு ஜெர்மனியில் ஐன்ட்ராக்ட் பிரவுன்ஷ்வைக் என்ற கால்பந்து அணிக்கு யேகர்மைஸ்டர் என்ற மதுபானக் கம்பெனி பணம் தர முன்வந்தது. சட்டையில் விளம்பரம் கூடாது என்பது அந்நாட்டுக் கால்பந்துச் சங்கத்தின் விதி. அணி என்ன செய்தது தெரியுமா? தன் சின்னத்திலிருந்த சிங்கத்தை எடுத்துவிட்டு, மதுப்புட்டியில் இருக்கும் மான்தலையைத் தன் சின்னமாகவே வைத்துக்கொண்டது. விளம்பரத்துக்குத் தடை உண்டு, சின்னத்துக்கு ஏது தடை? சங்கம் வழிவிட வேண்டியதாயிற்று. 1976இல் இங்கிலாந்தில் கெட்டரிங் டவுன் அணி 'கெட்டரிங் டயர்ஸ்' என்று சட்டையில் போட்டது. சங்கம் எடுக்கச் சொன்னது. அணி கடைசிச் சொல்லைச் சுருக்கி முதல் எழுத்தான 'டி'யை மட்டும் விட்டுவிட்டு, அது டவுனைக் குறிக்கிறது என்றது. அபராதம் என்று மிரட்டிய பிறகுதான் அதுவும் போனது. இந்த வரலாறு முழுக்க விளம்பரத்துக்கு இடம் பிடிக்கும் போராட்டம். யாரும் யாரையும் புரக்கவில்லை.

ஸ்பெயினின் பார்சிலோனா கால்பந்து அணியை எடுத்துக்கொண்டால் இந்தச் சொல் தலைகீழாகவே கவிழ்கிறது. நூறாண்டுக்கு மேல் சட்டை மார்பை விற்காமல் வைத்திருந்த அணி அது. 2006இல் முதன்முதலாக ஒரு பெயரைப் போட்டது: யுனிசெஃப், ஐ.நா.வின் குழந்தைகள் நல அமைப்பு. அதற்கு யுனிசெஃப் பணம் தரவில்லை. அணிதான் யுனிசெஃபுக்கு ஆண்டுதோறும் 15 லட்சம் யூரோ கொடுத்தது. சட்டையில் பெயர் இருப்பவர் புரவலர் என்றால், பணம் வாங்கிக்கொண்ட யுனிசெஃப் புரவலர், கொடுத்த பார்சிலோனா இரவலர் என்றல்லவா ஆகிறது!

நம் நாட்டுக்கு வருவோம். ஜொஹானஸ்பர்க்கின் சொவெட்டோ பகுதியின் இரு பெரும் கால்பந்து அணிகள், கைசர் சீஃப்ஸும் ஒர்லாண்டோ பைரட்ஸும். ஒரு குடும்பத்தில் அண்ணன் ஒன்றுக்கு, தம்பி மற்றொன்றுக்கு என்று இருந்தால் ஆட்ட நாளில் ஒரே அறையில் உட்காரமாட்டார்கள். இரண்டு சட்டையிலும் நெடுங்காலமாக இருந்துவரும் பெயர் ஒன்றே, வோடகாம். போர்க்களத்தில் எதிரெதிரே நிற்கும் இரு படைக்கும் ஒரே புரவலரா? விளம்பரம் என்று பாருங்கள், உடனே விளங்கும். ஒரு பக்கம் மட்டும் பெயர் போட்டால் நாட்டில் பாதிப் பேர் அந்தத் தொலைபேசிக் கம்பெனியைப் பகையாகப் பார்ப்பார்கள். இரண்டையும் வாங்குவதுதான் வியாபாரம். நாட்டின் முதல்நிலைக் கால்பந்து லீகின் பெயரையும் பாருங்கள்: காஸில், 2007இலிருந்து ஆப்சா, 2020இலிருந்து டிஎஸ்டிவி, 2024இலிருந்து பெட்வே. பீர், வங்கி, தொலைக்காட்சி, பந்தயம். காப்பவர் இப்படி வரிசையில் மாறுவதில்லை.

நம் சட்டமே இதைத் தெளிவாகப் புரிந்துவைத்திருக்கிறது. புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு 1999இல் வந்த திருத்தம், சிகரெட் விளம்பரத்தோடு சேர்த்து சிகரெட் கம்பெனிகளின் ஸ்பான்சர்ஷிப்பையும் தடுத்தது. பென்சன் அண்ட் ஹெட்ஜஸ் என்ற சிகரெட்டின் பெயரில் பகலிரவுக் கிரிக்கெட் பார்த்து வளர்ந்த தலைமுறை நாங்கள். அதன் பொருள் எங்களுக்குத் தெரியும். இரண்டும் ஒன்றே என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, மொழிபெயர்ப்பவர்களுக்குத் தெரியவில்லை.

எனக்கு எல்லாவற்றிலும் வலுவாகப் படும் சான்று எங்கள் ஊர்க்காரருடையது. டர்பனில் பிறந்த ஹாஷிம் ஆம்லா, டெஸ்ட் போட்டியில் 300 ஓட்டம் தாண்டிய முதல் தென்னாப்பிரிக்கர். 2012இல் லண்டன் ஓவல் மைதானத்தில் ஆட்டமிழக்காமல் 311. அணியின் சட்டையில் காஸில் லாகர் பீரின் சின்னம் இருந்த காலத்தில், தன் இஸ்லாமிய நெறிக்கு மது ஒவ்வாது என்று அந்தச் சின்னமில்லாத சட்டையையே அணிந்தார். கிரிக்கெட் வாரியமும் ஒப்புக்கொண்டது. இப்போது இரண்டு வாக்கியம் எழுதிப் பாருங்கள். 'ஆம்லா புரவலரின் பெயரை அணிய மறுத்தார்.' 'ஆம்லா பீர் விளம்பரத்தை அணிய மறுத்தார்.' முதல் வாக்கியத்தில் அவர் நன்றி மறந்தவர், உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவர். இரண்டாவதில் தன் உடம்பின் மேல் எது இருக்க வேண்டும் என்று தானே முடிவு செய்த நேர்மையாளர். நடந்தது இரண்டாவது. ஒரு சொல் ஒரு நல்ல மனிதருடைய நடத்தையையே மாற்றிக் காட்டுகிறது என்றால் அந்தச் சொல்லை எப்படி ஏற்பது?

மற்றச் சொற்களும் புழக்கத்தில் உண்டு. 'ஆதரவாளர்' கூடவே கூடாது. 1996-97இல் பிரீமியர் சாக்கர் லீகின் முதல் பட்டத்தை வென்றது மேனிங் ரேஞ்சர்ஸ், டர்பன் இந்தியர்கள் 1928இல் தொடங்கிய அணி. அந்த ஆண்டு சாட்ஸ்வொர்த் அரங்கில் தொண்டை வறளக் கத்தியவர்கள்தாம் ஆதரவாளர்கள். அந்தப் பெயரைக் காசுக்கு இடம் வாங்கியவருக்குத் தூக்கிக் கொடுக்க எனக்கு மனம் வராது. இலங்கைப் பத்திரிகைகளில் 'அனுசரணையாளர்' நன்கு வேரூன்றிவிட்டது, அங்கே அது விளங்கும், அவர்களோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் இங்கே எங்கள் வீடுகளில் அனுசரணை என்றால் விட்டுக்கொடுத்துப் போவது, மருமகளிடம் மாமியார் எதிர்பார்ப்பது. 'உபயம்' கோயிலுக்கு உரியது. விளக்கில் பெயர் எழுதும் வழக்கம் உண்டுதான், அதனால் சட்டை விளம்பரத்துக்கு ஓரளவு நெருங்கி வருகிறது. ஆனாலும் சாமிக்குச் செய்ததையும் சந்தைக்குச் செய்ததையும் ஒரே பெயரில் வைக்க நான் சம்மதிக்கமாட்டேன்.

என் முடிவு எளிது. நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் சொல்லை எடுத்துக்கொள்ளலாம். விளம்புதல் என்றால் சொல்லுதல், பலரறியச் சொல்லுதல். விளம்பரம் அதிலிருந்து வந்தது. சட்டையில் இருப்பது சட்டை விளம்பரம். அதற்குப் பணம் தருபவர் விளம்பரதாரர். சட்டையின் கைப்பகுதியில் இருந்தால் கை விளம்பரம். போட்டியின் பெயரோடு தன் பெயரைச் சேர்த்தவர் பெயருரிமை வாங்கியவர். சட்டையைத் தைத்துத் தரும் கம்பெனியின் சின்னமும் அதே சட்டையில் இருக்கும், அவரை உடை வழங்குநர் என்று தனியே சொல்ல வேண்டும். நம் அழைப்பிதழ்களில் இவரும் அவரும் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கிறார்கள். 'தாரர்' பாரசீக ஒட்டு என்று தூய தமிழ் அன்பர்கள் சொல்வார்கள். உண்மைதான். பிடிக்காதவர்கள் 'விளம்பரம் தருவோர்' என்று எழுதட்டும், எனக்கு அதுவும் உகந்ததே. தூய்மையை நானும் விரும்புகிறவள். ஆனால் வேர் தூயதாக இருந்து பொருள் பொய்யாக இருக்கும் சொல்லைவிட, 'ஸ்பான்சர்' என்று தமிழெழுத்தில் எழுதிவிட்டுப் போவது மேல். கடன் வாங்கிய சொல் கடன் என்று தெரிந்துகொண்டே இருக்கும். பிழையாகப் பொருத்திய நல்ல சொல் இரண்டு பொருளையும் கெடுக்கும்.

மொழிபெயர்ப்பவர்களிடம் எனக்குள்ள வருத்தம் இதுதான். அகராதியைத் திறந்து, முதலில் கண்ணில் படும் சொல்லை எடுத்து, எல்லா இடத்திலும் ஒட்டிவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் ஒரு சொல் என்றால் தமிழிலும் ஒரு சொல்லாகத்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? வேலை அனுமதிக்குப் பொறுப்பேற்பவர், திருமுழுக்கில் நிற்பவர், நடை ஓட்டத்தில் கிலோமீட்டருக்கு இத்தனை ராண்ட் என்று தருமத்துக்குத் தருபவர், சட்டையில் பெயர் போடுபவர், இவர்கள் நால்வரும் ஆங்கிலத்தில் ஒருவரே. தமிழில் நால்வர். அது நம் மொழியின் குறையல்ல.

சென்னையில் இப்படி ஒரு தவறு நடந்தால் தெரு அதைத் திருத்திவிடும். பேருந்தில், டீக்கடையில், வீட்டில் வேறு சொல் வழங்கும். அச்சில் இருப்பது தானாக உதிர்ந்துவிடும். எங்களுக்குத் தெருவில் தமிழ் இல்லை. 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக இங்கே வந்து இறங்கியவர்களின் பேரன் பேத்திகளுக்குப் பேரப்பிள்ளைகள் எங்கள் வகுப்புப் பிள்ளைகள். வீட்டில் ஆங்கிலம், பள்ளியில் ஆங்கிலம், மைதானத்தில் ஆங்கிலமும் ஜூலுவும். வாரத்தில் இரண்டு மணி நேரம் தமிழ். அந்த இரண்டு மணி நேரத்திலும், கோயில் அறிக்கையிலும், போட்டி அழைப்பிதழிலும் என்ன சொல் கிடைக்கிறதோ அதுதான் அவர்களிடம் உள்ள மொத்தத் தமிழ். அதில் புரவலர் என்றால் பந்தயக் கம்பெனி என்று பதிந்துவிட்டால், பிறகு பாரியை அவர்களுக்கு எந்தச் சொல்லால் அறிமுகம் செய்வது?

அந்தப் பையனுக்கு அன்றே பலகையில் இரண்டு சொல்லையும் எழுதி விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ நம்ம பஸ் தாத்தா?" என்றான். வெளியூர் ஆட்டங்களுக்குப் பிள்ளைகளைத் தன் வண்டியில் ஏற்றிப் போய், பெட்ரோலுக்கும் வாங்காமல், மதியச் சாப்பாடும் வாங்கித் தரும் முதியவர் அவர். எந்தச் சட்டையிலும் அவர் பெயர் இல்லை.

அடுத்த போட்டியின் அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன் என்னிடம் பிழை பார்க்க வந்தது. முதல் பக்கத்தில் கம்பெனிப் பெயருக்கு மேலிருந்த 'புரவலர்' என்பதை அடித்து, 'சட்டை விளம்பரம்' என்று எழுதினேன். கடைசிப் பக்கத்தில், நன்றிப் பட்டியலின் அடியில், தாத்தாவின் பெயர் 'போக்குவரத்து உதவி' என்று சிறிய எழுத்தில் இருந்தது. அதை அடித்துவிட்டுப் 'புரவலர்' என்று எழுதிக் கொடுத்தேன்.