கழுத்துப்பட்டி: சொல்லும் பொருளும்

தமிழகத்தில் டை என்றும் ஈழத்தில் ரை என்றும் எழுதப்படும் சொல், கட்டுதல் என்று பொருள்படும் ஆங்கில வினையிலிருந்து வந்த பெயர். அதற்கு முன் வழங்கிய பெயருக்கு வேர் வேறு. 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போரில் பிரான்சுக்காகக் கூலிப்படையாகப் போரிட்ட குரோவாசிய வீரர்கள் கழுத்தில் துணி முடிந்திருந்தார்கள். அதைக் கண்டு பிரெஞ்சு மேட்டுக்குடியினர் அணியத் தொடங்கிய துணிக்கு அவ்வீரர்களின் இனப்பெயரே கிரவாத் என்று நிலைத்தது. ஆக, இன்னாரைச் சேர்ந்தவர் என்று காட்டும் வேலை இதன் பெயரிலேயே இருந்திருக்கிறது.

அந்த வேலை முழு உருப்பெற்றது இங்கிலாந்தில்தான். 1880இல் ஆக்ஸ்போர்டின் எக்சிடர் கல்லூரிப் படகோட்டிகள் தங்கள் வைக்கோல் தொப்பியைச் சுற்றியிருந்த நிற நாடாவைக் கழற்றிக் கழுத்தில் கட்டிக்கொண்டதே கழக டையின் தொடக்கம் என்பர். படைப்பிரிவுகளுக்கும் பள்ளிகளுக்கும் தனித்தனி நிறக்கோடுகள் வந்தன. உரிமையில்லாதவர் அவற்றைக் கட்டுவது நாகரிகக் கேடாகக் கருதப்பட்டது. பிரித்தானியக் கோடுகள் அணிந்தவரின் இடத்தோளிலிருந்து வலப்புறமாக இறங்குபவை. அமெரிக்காவின் புரூக்ஸ் பிரதர்ஸ் நிறுவனம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவற்றைத் திசைமாற்றி விற்றது. எந்தப் படைக்கும் உரிமை கோராமல் எவரும் கட்டிக்கொள்ள அந்த மாற்றம் வழிசெய்தது. லார்ட்ஸ் மைதானத்தில் சிவப்பும் மஞ்சளுமான கோடிட்ட டையைக் கட்டியிருப்பவர், பல்லாண்டு காத்திருந்து மெரில்போன் கிரிக்கெட் கழகத்தில் இடம்பெற்றவர் என்பது பார்த்த மாத்திரத்தில் விளங்கும்.

இந்தப் பின்னணியை அறியாமல், ஆங்கிலத்தில் வழங்கும் ‘பழைய பள்ளி டை’ என்னும் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது தவறு. ஈட்டன், ஹாரோ போன்ற இங்கிலாந்தின் மேட்டுக்குடிப் பள்ளிகளில் படித்தவர்கள் பதவியிலும் தொழிலிலும் ஒருவரையொருவர் தூக்கிவிடும் வழக்கத்தை அது குறிக்கிறது. ‘ஒரே பள்ளியார் சலுகை’ என்பது பொருந்தும்.

டை என்னும் அணியைக் குறிக்கக் கழுத்துப்பட்டை, கழுத்துப்பட்டி என இரண்டும் வழங்குகின்றன. முன்னது சட்டைக் காலருக்கும் நாயின் கழுத்துவாருக்கும் வழங்குவதால், கழுத்துப்பட்டியே தெளிவானது என்பது என் துணிபு. உறுப்பினர் அடையாளமாகக் கட்டுவதைக் கழகப்பட்டி எனலாம். அரசருக்கும் சிறப்புப் பெற்றவருக்கும் நெற்றியில் கட்டிய பொற்றகட்டைப் பட்டம் என்றும், கோயில் மரியாதையாகத் தலையில் சுற்றும் துணியைப் பரிவட்டம் என்றும் வழங்கி, இரண்டுக்கும் ‘கட்டுதல்’ என்ற வினையையே ஆள்கிற மொழியில், கழகப்பட்டி கட்டினார் என்பது இயல்பாகவே ஒலிக்கும்.