சரக்கைப் பறிமுதல் செய்ய வந்தால்: கையெழுத்துப் போடும் முன்

கெட்டுப்போனது, கலப்படம் என்று தோன்றினாலே உணவு பாதுகாப்பு அலுவலர் சரக்கைப் பறிமுதல் செய்யலாம். 2006ஆம் ஆண்டு உணவு பாதுகாப்புச் சட்டத்தின் 38ஆம் பிரிவு அந்த அதிகாரத்தைத் தருகிறது. தடுத்தால் தனி வழக்கு. சிறு கடைக்காரர் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் காகிதத்தில்தான்.

பறிமுதல் பட்டியலில் ‘எண்ணெய் – 12 டின்’ என்று மட்டும் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். பிராண்டு, பேட்ச் எண், காலாவதித் தேதி, டின்னுக்கு எத்தனை கிலோ, எல்லாம் எழுதச் சொல்லுங்கள். ஒரு டின் பாதுகாப்பற்றது என்று வந்தால் அந்த பேட்ச் முழுவதையும் சட்டம் அப்படியே பார்க்கும். எண் இல்லாத பட்டியல் நல்ல பேட்சையும் சேர்த்து இழுத்துவிடும். “அப்புறம் நிரப்பிக்கிறோம்” என்று வெற்றுத் தாளை நீட்டினால் வேண்டவே வேண்டாம். நகல் கைக்கு வந்த பிறகு ஜீப் கிளம்பட்டும்.

சோதனைக்கு எடுக்கும் மாதிரியை நான்காகப் பிரித்து சீல் வைப்பார்கள். ஒரு பங்கு ஆய்வகத்தில் சோதிக்கும் பகுப்பாய்வாளருக்கு, இரண்டு பங்கு நியமன அலுவலருக்கு (உணவு பாதுகாப்பு அலுவலருக்கு மேலதிகாரி). நான்காவதை அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வகத்துக்கு அனுப்பும்படி அங்கேயே எழுதிக் கொடுங்கள், செலவு உங்களுடையது. இப்படியொரு உரிமை இருப்பதை யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள். இரண்டு ஆய்வக அறிக்கைகளும் முரண்பட்டால், நியமன அலுவலர் தன்னிடமுள்ள மாதிரியை அனுப்பும் மேலாய்வகம் சொல்வதே இறுதி. மாதிரிக்குக் கடை விலையில் பணம் தர வேண்டும். தராவிட்டால் ‘பணம் பெறவில்லை’ என்று எழுதிக் கையெழுத்திடுங்கள்.

சரக்கை உங்கள் கடையிலேயே சீல் வைத்து, பத்திரமாக வைத்திருப்பேன் என்று உங்களிடம் பிணைப்பத்திரம் வாங்கிக்கொண்டு போவதும் உண்டு. எலி கடித்தாலும் தொடாதீர்கள். அலுவலருக்கு எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அனுமதியில்லாமல் நகர்த்தினால் 6 மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். மீன், இறைச்சி அழுகியிருந்தால் அலுவலர் அழிக்கலாம், ஆனால் உங்களுக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் தந்த பிறகு.

பகுப்பாய்வு அறிக்கை 14 நாளில் வர வேண்டும் என்பது சட்டம். அவர்கள் தாமதித்தாலும் உங்களுக்குச் சலுகை கிடையாது: அறிக்கை கைக்கு வந்த 30 நாளுக்குள் படிவம் 8இல் நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்ய வேண்டும். “கலெக்டர் ஆபீஸ்ல கேளுங்க” என்பார்கள். அலைந்தால் நாள்தான் போகும். அறிக்கை வந்த, தபால் முத்திரையுள்ள உறையைப் பத்திரப்படுத்துங்கள். லைசென்ஸில் பழைய முகவரி இருந்தால் அறிக்கை அங்கே போய்விடும், முதலில் மாற்றுங்கள்.

மொத்த வியாபாரியின் பில்லையே சரக்கின் தரத்துக்கு அவர் தரும் உத்தரவாதமாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. துண்டுச் சீட்டில் வாங்கிய சரக்குக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டிவரும்.

காரணமில்லாமல் தொல்லை தரவே பறிமுதல் செய்த அலுவலருக்கு 1 லட்சம் வரை அபராதம் உண்டு. ஆனால் நீங்கள் தந்த புகார் பொய்யென்று முடிவானால் உங்களுக்குக் குறைந்தது 50,000 ரூபாய் அபராதம். படம், நகல், சாட்சி இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.