உமிழ்நீர் அமைலேஸ்: வாய்க்குள் மாவை உடைக்கும் நொதி

மார்கழிக் குளிரில் ஊட்டி, குன்னூர் வீடுகளில் இட்லி மாவு லேசில் பொங்காது. ராத்திரி கரைத்து வைத்தது காலையில் அப்படியே கிடக்கும். அடுப்போரம் நகர்த்தி, பாத்திரத்தைக் கம்பளியால் சுற்றி, இன்னும் அரை நாள் பொறுக்க வேண்டும். மாவு இப்படிப் புளித்துப் பொங்குவதுதான் நொதித்தல். உயிர்களின் உடலில் வேதிவினைகளை வேகப்படுத்தும் பொருளான என்சைமுக்கு நம் பாடநூல்கள் வைத்திருக்கும் 'நொதி' என்ற பெயர் இதிலிருந்து வந்தது. இலங்கைத் தமிழில் நொதியம்.

வாயில் புளிப்பதும் இல்லை, பொங்குவதும் இல்லை. அங்கே உமிழ்நீரில் இருந்து மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸை நொதி என்பது சரியா என்று கேட்பவர்கள் உண்டு. என்சைம் என்ற சொல்லுக்குள்ளேயே புளித்த மாவு இருக்கிறது. கிரேக்கத்தில் 'என்' என்றால் உள்ளே, 'சைமே' என்றால் புளிமா. ஜெர்மானிய உடலியலாளர் வில்ஹெல்ம் கூனே 1870களின் பிற்பகுதியில் இந்தச் சொல்லை வைத்தார். உயிருள்ள ஈஸ்டையும், உயிரில்லாமலே வேலை செய்யும் செரிமானப் பொருள்களையும் அதுவரை ஒரே பெயரால் அழைத்துவந்தார்கள். இரண்டையும் பிரிக்கத்தான் அவருக்குப் புதுச் சொல் தேவைப்பட்டது. 1897-ல் ஜெர்மானிய வேதியியலாளர் எடுவர்ட் புக்னர், ஈஸ்டை நசுக்கிப் பிழிந்த, உயிரணு இல்லாத சாறே சர்க்கரையை நொதிக்க வைக்கிறது என்று காட்டினார். கூனே போட்ட வேலி அத்தோடு சாய்ந்தது. ஆகவே 'நொதி' பிழையில்லை என்பது என் கட்சி.

அமைலேஸ் என்பதில் முன்பாதி 'அமைலோன்': கிரேக்கத்தில் மாவுச்சத்து. ஆலையில் அரைபடாதது என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். பின்பாதியான 'ஏஸ்', 1833-ல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் பாயேனும் பெர்சோவும் முளைகட்டிய பார்லியிலிருந்து பிரித்தெடுத்த 'டயஸ்டேஸ்' விட்டுப்போன வால். உமிழ்நீர் மாவுச்சத்தைக் கரைக்கிறது என்று அதற்கு இரண்டு வருடம் முன்பே ஜெர்மானிய வேதியியலாளர் லாய்க்ஸ் எழுதிவிட்டார். பழைய பாடநூல்களில் உமிழ்நீர் அமைலேஸுக்கு டயலின் என்று பெயர். தமிழில் 'உமிழ்நீர் மாவுநொதி' என்றால் யாருக்கும் புரியும். 'எச்சில் நொதி' மட்டும் வேண்டாம்: எச்சில் என்பது எஞ்சியது, மிச்சம்; வாயில் சுரப்பதற்கு உமிழ்நீர்தான் பொருத்தம்.

வேலையைப் பார்க்க ஊட்டி உருளைக்கிழங்கு ஒன்று போதும். ஊட்டியை உருவாக்கிய ஆங்கிலேயக் கலெக்டர் ஜான் சல்லிவன் காலத்தில் மலையேறி வந்த கிழங்கு இன்று மேட்டுப்பாளையம் மண்டி வரை இறங்குகிறது. உப்புப் போடாமல் வேகவைத்து, விழுங்காமல் ஒரு நிமிடம் மென்றால் கூழாகி, லேசாக இனிக்கும். மாவுச்சத்தின் நீண்ட சங்கிலியை அமைலேஸ் நடுநடுவே வெட்டுகிறது. மால்ட்டோஸ் என்ற சர்க்கரை போன்ற சிறு துண்டுகள் கிடைக்கின்றன. வெந்த கிழங்கில் அயோடின் சொட்டினால் கருநீலம். நன்றாக மென்ற கூழில் அந்த நிறம் மங்கும். இந்த நொதிக்குக் குளோரைடு (உப்பில் இருப்பது) வேண்டும், அமிலம் ஆகாது. இரைப்பைப் புளிப்பு ஏறியதும் நின்றுவிடும். வெளியே உறைபனி கொட்டினாலும் வாய்க்குள் ஏறக்குறைய 37 டிகிரி, அதனால் இட்லி மாவின் கஷ்டம் இதற்கு இல்லை.

அதே கிழங்கு ஒருவர் வாயில் சட்டென்று நீர்த்துப்போகும், இன்னொருவர் வாயில் கெட்டியாகவே இருக்கும். முக்கியக் காரணம் மரபணு. முதலாம் குரோமோசோமில் உள்ள ஏஎம்ஒய்1 மரபணு சிலருக்கு இரண்டே நகல், சிலருக்குப் பத்துக்கு மேல். நகல் கூடினால் பொதுவாக நொதியும் கூடும். 2007-ல் நேச்சர் ஜெனடிக்ஸ் இதழில் வந்த ஆய்வு, மாவுணவு அதிகம் உண்ணும் ஜப்பானியர், தான்சானியாவின் ஹட்சா மக்கள் போன்றோருக்குச் சராசரியாக நகல் கூடுதல் என்றது. மீனும் இறைச்சியும் பிரதானமான சைபீரிய யாகுட் மக்களுக்குக் குறைவு. சராசரி ஒரு கூட்டத்துக்குத்தான். ராகியும் சாமையும் உண்டு வளர்ந்த மலைக்காரர் என்பதற்காக ஒருவருக்கு இத்தனை நகல் என்று ஜோசியம் சொல்வது வம்பு.

ஒரே ஆளுக்குள்ளும் அளவு மாறும். தூங்கி எழுந்த சற்று நேரத்தில் குறைந்து, பகல் போகப் போக ஏறும்; பதற்றத்திலும் ஏறும். பிறந்த குழந்தைக்கு மிகக் குறைவு, மாதங்கள் போகப் போகத்தான் கூடும்.

அப்புறம் ஒன்று: ரத்தப் பரிசோதனைத் தாளில் வரும் 'சீரம் அமைலேஸ்' வாயிலிருந்து மட்டும் வருவதல்ல. கணையமும் தனக்கென ஒரு அமைலேஸ் சுரக்கிறது. அந்த எண் கூடினால் கணைய அழற்சியா என்றுதான் மருத்துவர் முதலில் பார்ப்பார். பொன்னுக்கு வீங்கி வந்து கன்னம் வீங்கிய பிள்ளைக்கோ உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்தே அது கூடியிருக்கலாம்.