நெடுமீசை அந்து: ஒரு சொல் விளக்கம்

அந்துப்பூச்சிகளில் அடேலிடே என்று ஒரு சிறு குடும்பம் உண்டு. உலகெங்கும் ஏறத்தாழ 300 இனங்கள். ஆங்கிலத்தில் இவற்றை 'ஃபெயரி லோங்ஹோர்ன் மொத்' என்கிறார்கள். சொல்லுக்குச் சொல் மாற்றினால் 'தேவதை நீள்கொம்பு அந்துப்பூச்சி' என்று வரும். வன்னியில் இந்தப் பெயரைச் சொன்னால் ஒருவருக்கும் ஒரு பூச்சியும் கண்ணில் தெரியாது. தேவதை என்றால் இங்கே பொங்கல் வைத்து நேர்த்தி தீர்க்கிற தெய்வம். ஆங்கிலச் சொல்லும் ஊழைக் குறிக்கும் இலத்தீன் 'ஃபாட்டா'விலிருந்து வந்ததுதான். ஆனால் அங்கே அது சிறுவர் கதைகளில் வரும் செட்டை முளைத்த குட்டி உருவமாகச் சுருங்கிவிட்டது. அந்த உருவம் நம் கதைகளில் இல்லை. அதனால் 'தேவதை'யை விட்டுவிடலாம் என்பது என் முடிவு.

அறிவியல் பெயர்கள் இதைவிட உதவுகின்றன. அடேலா என்ற பேரினப் பெயரை 1796இல் பிரெஞ்சுப் பூச்சியியலாளர் லத்ரேல் வைத்தார். 'அதேலொஸ்' என்றால் கிரேக்கத்தில் கண்ணுக்குத் தெளிவாகப் படாதது. 1798இல் வந்த நெமோபோரா இன்னும் நேரானது: நூலைச் சுமப்பது. அந்த நூல்தான் ஆண்பூச்சியின் உணர்கொம்பு. ஐரோப்பாவில் பறக்கும் நெமோபோரா டிகீரெல்லாவைப் பாருங்கள். 1758இல் சுவீடனின் லின்னேயஸ் விவரித்து, தன் நாட்டுப் பூச்சியியலாளர் டி கீரின் பெயரைச் சூட்டிய இனம் இது. செட்டைகளை விரித்தால் இரண்டு சென்ரிமீற்றர் அளவுதான். பொன்னும் செம்புமாக மினுங்கும் செட்டையின் குறுக்கே ஒரு மஞ்சள் பட்டை. ஆணின் உணர்கொம்போ உடம்பைப் போலப் பல மடங்கு நீளம். இத்தனை மெல்லிய ஒன்றை வைத்துக்கொண்டு காற்றில் எப்படி நிலைக்கிறது என்று வியக்காமல் இருக்க முடியாது. பெண்ணுக்கு அது மிகவும் குட்டை.

பெரும்பாலானவை பகலில் பறப்பவை. வெயிலில் ஆண்கள் கூட்டமாக ஒரே இடத்தில் மேலும் கீழும் ஆடிப் பறக்க, பெண் அந்தக் கூட்டத்துக்குள் வந்து இணை சேரும். அப்புறம் கூரிய முட்டையிடு உறுப்பால் செடியைத் துளைத்து, பல இனங்களில் பூவின் சூலகத்துக்குள்ளேயே, முட்டையை வைக்கும். பொரித்த புழு, நம் பாடப்புத்தகங்கள் குடம்பி என்பது, முதலில் உள்ளேயிருந்து தின்னும். பிறகு இலைத் துண்டுகளால் ஒரு கூடு செய்து, அதைச் சுமந்தபடி சருகுக்குள் வாழும். 'கண்ணுக்குத் தெளிவாகப் படாதது' என்ற பெயர் இந்தப் பருவத்துக்கு நன்றாகவே பொருந்துகிறது.

சரி, தமிழில் என்ன சொல்வது? விட்டில் என்ற சொல் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆனால் விட்டில் என்றால் விளக்கில் வந்து விழுவது என்றே மனம் போகும். வெயிலில் ஆடும் பூச்சிக்கு அது ஒட்டாது. அந்து என்பதோ வன்னியில் எல்லா வீட்டுக்கும் தெரிந்த சொல். பெரும்போக நெல்லை மூட்டையில் கட்டி வைத்தால், சில மாதத்தில் அதிலிருந்து கிளம்பிப் பறக்கும் ஒடுங்கிய செட்டைப் பூச்சி. நெல்லைத் தின்னாத உறவுகளுக்கும் இப்போது அந்துப்பூச்சி என்பதே பொதுப்பெயர். உருவத்தில் சிறிய இந்தக் குடும்பத்துக்கு அது சரியாக அமையும்.

கொம்புதான் சிக்கல். 'நெடுங்கொம்பன்' என்று யாராவது எழுதினால் முத்தையன்கட்டுப் பக்கத்து வாசகருக்கு யானைதான் நினைவுக்கு வரும். மரம் துளைக்கும் நெடுங்கொம்பு வண்டுகள் வேறு அந்தப் பெயரை ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டன. ஆனால் நந்திக்கடல் இறாலைத் துப்புரவாக்குகிறவர்கள் உணர்கொம்பைக் கொம்பு என்பதில்லை, மீசை என்பார்கள். கரப்பான்பூச்சிக்கும் மீசைதான். மெல்லியது, நீண்டது, இந்தக் குடும்பத்தில் ஆணுக்கே சிறப்பானது என்று மூன்றையும் மீசை என்ற ஒரே சொல் சொல்லிவிடுகிறது. ஆகவே பேச்சுக்கும் எழுத்துக்கும் 'நெடுமீசை அந்து' என்பேன். பாடநூல் நடை வேண்டுமானால் 'நெடுவுணர்கொம்பு அந்துப்பூச்சி' என்று எழுதலாம், பிழையில்லை.

ஓர் இனம் மட்டும் எந்தப் பெயருக்கும் அடங்காது. ஐரோப்பாவின் நெமோபோரா குப்ரியசெல்லாவில் பெண்கள் மட்டுமே அறியப்பட்டுள்ளன. ஆணில்லாமலே பெருகுகிறது என்று கருதப்படுகிறது. நெடுமீசைக் குடும்பத்தில் மீசை நீளாத கிளை அது. ஆனாலும் குடும்பப் பெயரை அதற்காக மாற்றத் தேவையில்லை.

வன்னியில் இந்த வகைப் பூச்சியைத் தேட விரும்புகிறவர்கள் இரவில் விளக்கு ஏற்றிக் காத்திருப்பதைவிட, மாரிமழை விட்ட பிறகு காலை வெயிலில் பாலை, வீரை நிற்கும் காட்டோரத்துப் பூக்களையும் குளக்கட்டுச் செடிகளையும் பார்ப்பது நல்லது. படம் எடுத்தால் மீசையின் நுனிவரை சட்டகத்துக்குள் வரட்டும். ஆணா பெண்ணா என்பதற்கு அதுவே முதல் அடையாளம். செட்டையின் பட்டைகளும் தெளிவாக விழுந்தால் இனத்தை அறிவதும் எளிதாகும்.