ஷோரூமில் மிஞ்சிய பழைய மாடலா, புது மாடலா? டூரிங் பைக் வாங்கும் முன் ஒரு மெக்கானிக் சொல்வது

கோவையில் பைக் பட்டறை நடத்துகிறேன். வால்பாறை, ஊட்டி, கொல்லிமலை என்று ஓட்டுகிறவர்கள்தான் எங்களிடம் அதிகம் வருவார்கள். அவர்களில் பலர் வண்டி வாங்குவதற்கு முன்பே ஒரு கேள்வியோடு வருகிறார்கள்: "அண்ணா, புது மாடல் வந்துடுச்சு. ஆனா ஷோரூம்ல பழைய மாடல் ஒண்ணு நிக்குது, நல்லா குறைச்சுத் தர்றேன்றாங்க. எடுக்கலாமா?"

இதற்கு ஒரே வரியில் பதில் கிடையாது. நான் திருப்பிக் கேட்கிற முதல் கேள்வி மட்டும் மாறாது: அந்த வண்டி எந்த மாதம், எந்த வருடம் தயாரானது? பெரும்பாலானவர்களுக்கு இது தெரிவதில்லை. எத்தனை சிசி, எத்தனை பிஎச்பி, என்ன கலர் எல்லாம் மனப்பாடமாகச் சொல்வார்கள். தயாரான மாதத்தை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பணமும் பாதுகாப்பும் அந்த ஒரு தகவலில்தான் இருக்கிறது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நமக்குப் பக்கத்திலேயே நடந்த ஒரு மாடல் மாற்றத்தை எடுத்துக்கொள்வோம். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன். 411 சிசி வண்டி 2016-ல் வந்தது. 2023 நவம்பரில் கோவாவில் ஹிமாலயன் 450 அறிமுகமானதும் 411-ன் கதை முடிந்தது. மிச்சமிருந்த 411 வண்டிகள் ஷோரூம்களில் நின்றன. அப்போது 450-ன் அறிமுக விலை எக்ஸ்-ஷோரூம் (ஆயுள் வரியும் இன்சூரன்ஸும் சேராமல்) 2.69 லட்சம். 411 சுமார் 2.16 லட்சத்தில் கிடைத்தது. தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேல் விலையுள்ள பைக்குக்கு 12 சதவீதம் ஆயுள் வரி என்பதால், எல்லாம் சேர்ந்த ஆன்ரோடு விலையில் வித்தியாசம் 60,000 ரூபாய் அளவுக்கு வந்துவிடும். தள்ளுபடி சேர்ந்தால் இன்னும் கூடும்.

அந்த 60,000-க்கு என்ன கிடைத்தது? 411-ல் இருந்தது காற்றாலும் ஆயிலாலும் குளிரும் எஞ்சின், 24 குதிரைத்திறனை ஒட்டிய சக்தி, ஐந்து கியர். 450-ல் கூலன்ட் ஓடும் 452 சிசி எஞ்சின், 40 குதிரைத்திறன், ஆறு கியர், சட்டென்று கியரைக் குறைத்தாலும் பின்சக்கரம் உதறாத ஸ்லிப்பர் கிளட்ச். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் தலைகீழ் வகை, பெரிய டிஸ்க் பிரேக், 15 லிட்டருக்குப் பதில் 17 லிட்டர் டேங்க். எடையோ 199 கிலோவிலிருந்து 196-ஆகக் குறைந்தது. காகிதத்தில் பார்த்தால் யோசிக்கவே வேண்டாம், புதுசுதான்.

ரோட்டில் அவ்வளவு சுலபமில்லை. 411-ன் அதிகபட்ச டார்க், அதாவது இழுக்கும் திறன், 32 நியூட்டன் மீட்டர்; அது 4,000 முதல் 4,500 ஆர்பிஎம்முக்குள்ளேயே வந்துவிடும். 450-ல் 40 கிடைக்கும், ஆனால் அதற்கு 5,500 வரை போக வேண்டும். பின்னால் மனைவி, இரண்டு பக்கமும் பை, வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகள். இப்படி ஏறும்போது கியரை அதிகம் மாற்றாமல், ஆக்சிலேட்டரை முறுக்காமல், நிதானமாக இழுத்துக்கொண்டு போவதில் பழைய வண்டிக்கு ஒரு சுகம் உண்டு. புது வண்டியில் வளைவுக்கு வளைவு கியரைக் குறைத்து எஞ்சினைச் சுற்றவிட வேண்டும். அப்படி ஓட்டப் பிடித்தவருக்கு அது இனிக்கும்.

அதே ஆள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் நாள் முழுக்க ஓட்டினால் கதை தலைகீழ். 411 எண்பது, தொண்ணூறில் நிம்மதியாகப் போகும். நூறைத் தாண்டினால் எஞ்சின் சிரமப்படுவது கை, கால் எல்லாவற்றிலும் தெரியும். லாரியை ஓவர்டேக் செய்யும்போது கையில் மிச்ச சக்தி இருக்காது. இது வெறும் சொகுசு விஷயமில்லை. இருவழிச் சாலை என்றால், எதிர் லேனில் எத்தனை நொடி நிற்கிறீர்கள் என்பது உயிர் விஷயம். இருவழிச் சாலையில் அடிக்கடி நீண்ட தூரம் போகிறவர், மாதம் இரண்டு தடவை ஹைவேயில் வேகமாகப் போகிறவர் என்றால் காசைப் பார்க்காமல் புது வண்டி எடுங்கள் என்றுதான் சொல்வேன்.

சீட் உயரத்தையும் பாருங்கள். 411-ல் 800 மில்லிமீட்டர். 450-ல் சாதாரண சீட் 825-ல் ஆரம்பிக்கும், தாழ்ந்த சீட் தனியாக வாங்கினால் 805. ஐந்தரை அடிக்குக் குறைவானவர் மலைப்பாதையில் சரளைக்கல் மேல் காலூன்றும் நிலையில் அந்த ஓர் அங்குலம் என்னவென்று புரியும்.

பராமரிப்பில் பழைய எஞ்சின் எளிது. வால்வுகளைத் திறந்து மூட ஒற்றை கேம், இடைவெளியைச் சரிசெய்ய ஸ்க்ரூ வைத்த டேப்பட். எந்த ஊரிலும் ஒரு அனுபவசாலி மெக்கானிக் திறந்து சரிசெய்துவிடுவார். புது எஞ்சினில் இரட்டை கேம், ஷிம் என்ற சின்னத் தகடு வைத்து வால்வு கிளியரன்ஸ் பார்க்க வேண்டும், த்ராட்டில் எலெக்ட்ரானிக். கோளாறு வந்தால் ஸ்கேனர் வேண்டும். ஸ்பேர்ஸ் கிடைக்குமா என்று பலர் பயப்படுகிறார்கள். பல வருடம் ஓடி, ஆயிரக்கணக்கில் விற்ற எஞ்சினுக்கு அந்தப் பயம் தேவையில்லை. அதே கம்பெனியின் ஸ்க்ராம் 411 பைக்கிலும் அதே எஞ்சின்தான் இருந்தது. குறைவாக விற்று நிறுத்தப்பட்ட மாடல் என்றால் மட்டும் யோசியுங்கள். அங்கே ஒரு கிளட்ச் கேபிளுக்கே வாரக்கணக்கில் காத்திருக்க நேரிடும்.

சரி, இதுவரை சொன்னது மாடல் பற்றி. முக்கியமானது வண்டி பற்றியது. மாடல் பழசாவதும், உங்கள் கைக்கு வரப்போகும் அந்த ஒரு வண்டி பழசாவதும் வேறுவேறு.

ஓடாமல் நிற்கும் பைக் கெடாமல் இருக்கும் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. கெடும். பேட்டரி சார்ஜ் இறங்கிய நிலையிலேயே மாதக்கணக்கில் நின்றால் உள்ளே தகடுகளில் சல்பேட் படியும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் அதன் முழுத் திறன் திரும்பாது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். அதனால்தான் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதை மாற்றச் சொல்கிறோம். மலை இறக்கத்தில் பிரேக் சூடாகும்போது அந்த ஈரம் ஆவியாகி, லீவர் பஞ்சு மாதிரி உள்ளே போகும். ஷோரூமில் டேங்கில் பெட்ரோல் அதிகம் ஊற்றி வைப்பதில்லை. காலி டேங்கின் உள்ளே ஈரக்காற்று நின்று துரு பிடிக்கும். ஃபோர்க் சீல் காய்ந்து, வாங்கிய சில மாதத்திலேயே ஆயில் கசியும்.

எல்லாவற்றையும் விட டயர். எங்கள் பட்டறைக்கு ஒரு இளைஞர் கையில் கட்டோடு வந்தார். பழைய ஸ்டாக் டூரிங் பைக்கைத் தள்ளுபடியில் எடுத்தவர், மழையில் மலைப்பாதை வளைவில் பின் டயர் வழுக்கி விழுந்திருக்கிறார். மழையும் காரணம், வேகமும் காரணமாக இருக்கலாம். ஆனால் டயரைப் பார்த்தபோது அவர் வண்டி வாங்கிய தேதிக்கு இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி அதில் இருந்தது. பட்டன்கள் தேயவே இல்லை, ஆனால் ரப்பர் விறைத்துப்போய், பக்கச் சுவரில் மெல்லிய வெடிப்புகள். புது டயர் என்று நம்பி சாய்த்திருக்கிறார். அவருக்கு இதை யாரும் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் வருத்தம். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 3523 என்றால் 2023-ம் வருடத்தின் 35-வது வாரம். படிக்க ஒரு நிமிடம் போதும்.

வண்டியின் தயாரிப்பு மாதத்தையும் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. சேஸிஸ் எண் 17 எழுத்து. இந்தியாவில் பெரும்பாலான வண்டிகளில் அதன் 10-வது எழுத்து வருடத்தைச் சொல்லும்: N என்று இருந்தால் 2022, P என்றால் 2023, R என்றால் 2024, S என்றால் 2025. மாதம், வருடம் இரண்டும் பிறகு ஆர்சியிலும் அச்சாகும். விற்கும்போது வாங்குபவர் முதலில் பார்ப்பதும் அதைத்தான். நீங்கள் 2025-ல் வாங்கியிருந்தாலும் 2023 என்று ஆர்சி சொன்னால் மார்க்கெட்டில் அது 2023 வண்டிதான்.

ஆகவே தள்ளுபடி எவ்வளவு நியாயம் என்று கணக்கிட, இன்சூரன்ஸ் காரர்கள் பயன்படுத்தும் தேய்மான அட்டவணையை நான் அளவுகோலாக எடுத்துக்கொள்வேன். ஆறு மாதத்துக்குள் என்றால் 5 சதவீதம், ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை 15, ஒன்று முதல் இரண்டு வருடம் வரை 20, இரண்டு முதல் மூன்று வரை 30. தயாராகி 14 மாதமான 2.2 லட்ச ரூபாய் வண்டி என்றால், இதற்கு 20, புது வண்டிக்கு 5; இரண்டுக்கும் 15 சதவீத வித்தியாசம், அதாவது 33,000 ரூபாய். ஷோரூமில் 10,000 குறைத்து, ஒரு ஹெல்மெட்டும் கொடுத்து "பெஸ்ட் ஆஃபர் சார்" என்றால் அது ஆஃபரே இல்லை. முழுசாக 33,000 குறைக்க மாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். குறைக்காவிட்டால் புது டயர் இரண்டு, புது பேட்டரி, பிரேக் ஆயில் மாற்றம் இவற்றை அவர்கள் செலவில் கேளுங்கள். கேட்டால் பாதியாவது நடக்கும்.

இன்சூரன்ஸில் இன்னொன்று. கம்பெனி தயாரிப்பை நிறுத்திவிட்ட மாடலுக்கு, ஐடிவி எனப்படும் வண்டியின் இன்சூரன்ஸ் மதிப்பை நிறுவனமும் நீங்களும் பேசி முடிவு செய்வது என்பதுதான் விதி. அதனால் ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கும்போது ஐடிவி எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். பிரீமியம் குறைகிறதே என்று அடிமட்ட ஐடிவிக்குச் சம்மதித்தால், வண்டி திருடு போகும் அன்றுதான் வலி தெரியும்.

எரிபொருள் விஷயம் இப்போது புதிதாகச் சேர்ந்திருக்கிறது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் (E20) இன்று பெட்ரோல் பங்க்குகளில் வருகிறது. அரசின் திட்டப்படி 2023 ஏப்ரல் முதல் வரும் வண்டிகளில் ரப்பர் குழாய், சீல் போன்றவை அந்தப் பெட்ரோலைத் தாங்க வேண்டும். அதற்கு முன் தயாரான வண்டியாக இருந்தால் உங்கள் கையேட்டில் E20 என்று இருக்கிறதா, 10 சதவீதம் எத்தனாலை மட்டும் தாங்கும் E10 தானா என்று பாருங்கள். E10 மட்டும் என்றால் அந்த வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் எடுக்கச் சொல்ல மாட்டேன். லடாக் போகிற வழியில் ஃபியூயல் பைப் வெடித்தால் தள்ளுபடிப் பணம் உதவாது.

மாசு விதி மாறும் நேரத்தில் இன்னும் கவனம் வேண்டும். 2017 மார்ச் கடைசியில், பழைய மாசு விதிப்படி தயாரான பிஎஸ்-3 வண்டிகளை ஏப்ரல் 1 முதல் விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும், இரண்டே நாளில் கடைகளில் கூட்டம் மோதியது பலருக்கு நினைவிருக்கும். 2020 மார்ச் 31-க்குப் பிறகு பிஎஸ்-4 வண்டிக்கும் அதே கதி. இப்படிக் கெடு வரும்போது விற்காத வண்டிகளை ஷோரூமே தன் பெயரில் பதிவு செய்து, பிறகு விற்பதும் நடக்கும். சட்டப்படி தவறில்லை. ஆனால் மீட்டரில் பூஜ்ஜியம் காட்டும் வண்டிக்கு நீங்கள் இரண்டாவது ஓனர் ஆகிறீர்கள். அதைச் சொல்லி, அதற்கேற்ற விலையில் கொடுத்தால் வாங்கலாம். சொல்லாமல் கொடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

வரியைக் காட்டி அவசரப்படுத்துவதும் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். முன்பு செஸ் சேர்த்து 31. அதற்குக் கீழே 28-லிருந்து 18-ஆகக் குறைந்தது. "இது பழைய ஸ்டாக், பழைய வரியில்தான் வரும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வண்டி எப்போது ஷோரூமுக்கு வந்தது என்பது கணக்கில்லை, உங்களுக்கு எப்போது விற்கிறார்கள் என்பதுதான் கணக்கு. கம்பெனியே விலையைத் தாங்கிக்கொண்டால் அது தனி. டூரிங்குக்கு 350 சிசிக்குள் ஒரு வண்டி போதும் என்கிறவர்களுக்கு இந்த வரி மாற்றம் நல்ல வாய்ப்பு. மலைப்பாதையும் மாவட்டச் சாலையுமே அதிகம் என்றால் அந்த வரிசையையும் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.

புது மாடலுக்கும் என் பங்குக்கு ஒரு எச்சரிக்கை. முதல் ஆறு மாதம், ஒரு வருடத்தில் வரும் முதல் பேட்ச் வண்டிகளில் சின்னச் சின்னத் திருத்தங்கள் பிறகுதான் வரும். ஹிமாலயன் 450-யே பாருங்கள், வந்தபோது ஸ்போக் வீலில் டியூப் டயர். டியூப் இல்லாமல் ஓடும் ஸ்போக் வீல் 2024-ல்தான் சேர்ந்தது. பஞ்சர் ஆனால் வீலைக் கழற்றியாக வேண்டிய டியூப் டயரோடு காட்டு ரோட்டில் நின்றவருக்கு அந்த வித்தியாசம் தெரியும். கேடிஎம் 390 அட்வெஞ்சரும் 2025 ஜனவரியில் 373 சிசியிலிருந்து 399 சிசி எஞ்சினுக்கு, முற்றிலும் வேறு சேஸிஸுக்கு மாறியது. அவசரம் இல்லாதவர் புது மாடலுக்கு ஒரு வருடம் பொறுப்பது நல்லது. அதற்குள் எந்த ஊரில் எந்த மெக்கானிக்குக் கை பழகியிருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

என்னிடம் கேட்டால்: தயாராகி ஆறு, எட்டு மாதத்துக்குள் இருக்கிற, E20 தாங்கும், நன்றாக ஓடி நிரூபித்த பழைய மாடல், எண்பது தொண்ணூறில் ஓட்டும் ஆள் - தயங்காமல் எடுங்கள். மிச்சமாகும் பணத்தில் நல்ல ரைடிங் ஜாக்கெட்டும் கையுறையும் பூட்ஸும் வாங்கலாம், அதைத் தள்ளிப்போடாதீர்கள். ஒன்றரை வருடத்தைத் தாண்டிய ஸ்டாக் என்றால், புது டயரும் பேட்டரியும் எழுத்தில் வராதவரை வேண்டாம்.

எதை எடுத்தாலும் டெஸ்ட் ரைடுக்கு பின்சீட்டில் உட்காரப்போகிறவரையும் அழைத்துப் போங்கள், மேம்பாலம் ஏறி இறங்கும் ரோடாகக் கேளுங்கள். பிறகு பதிவுக்குப் பணம் கட்டும் முன்பே, உங்களுக்கு ஒதுக்கிய அதே சேஸிஸ் எண் வண்டியைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். டயர் தேதி, டேங்க் மூடியைத் திறந்து உள்ளே துரு, ஃபோர்க் குழாயில் ஆயில் கசிவு, செயின், ஸ்போக் நிப்பிளில் வெள்ளைப் பூத்திருக்கிறதா, மீட்டரில் எத்தனை கிலோமீட்டர், வாரன்டி பில் தேதியிலிருந்துதான் ஆரம்பிக்கிறதா. பதிவு முடிந்த பிறகு இவற்றில் எதைக் கேட்டாலும் "சர்வீஸில் பார்த்துக்கலாம் சார்" என்பதுதான் பதிலாக வரும். பதிவுக்கு முன்னால் கேட்டால் வேறு வண்டியைக் காட்டுவார்கள்.