தரைக்கடியில் வெள்ளம்: பம்பை இறக்குங்கள், ஆளை இறக்காதீர்கள்

இரண்டாம் பேஸ்மென்ட் வரை தண்ணீர். தெருவில் பெரிய டீசல் பம்பை நிறுத்தி, உறிஞ்சு குழாயை உள்ளே விட்டு எஞ்சினை ஓட விடுகிறார்கள். முதலில் தண்ணீர் பொங்கிக்கொண்டு வரும். மட்டம் 6, 7 மீட்டருக்குக் கீழே இறங்கியதும் பம்பின் சத்தம் மாறும், குழாய் அதிரும், வரத்து நின்றுவிடும். எஞ்சினில் கோளாறு என்று நினைத்து வேகத்தைக் கூட்டுவார்கள். பயனிருக்காது. மேலே இருக்கும் பம்ப் குழாயில் வெற்றிடம் உண்டாக்குகிறது, அவ்வளவுதான். தண்ணீரை ஏற்றித் தருவது வெளிக்காற்றின் அழுத்தம். கடல்மட்டத்தில் அது தாங்கும் உயரம் 10.3 மீட்டர். உராய்வும் கசிவும் போகக் கையில் மிஞ்சுவது 6 அல்லது 7. கிணற்றுக்குள் திட்டு கட்டி மோட்டாரை இறக்கி வைப்பதும் இதே காரணத்தால்தான்.

ஆக, பம்ப் தண்ணீரோடு கீழே போயாக வேண்டும். அதை யார் கொண்டுபோவது என்பதுதான் கேள்வி. 2022 செப்டம்பரில் தென் கொரியாவின் போஹாங் நகரில், புயல் மழையின்போது அடுக்குமாடிக் குடியிருப்பின் நிலத்தடி வாகன நிறுத்தத்துக்குள் காரை எடுக்க இறங்கியவர்களில் 7 பேர் இறந்தார்கள். தரைக்கடியில் தண்ணீர் ஏறும் வேகம் நின்று யோசிக்க நேரம் தராது. தண்ணீர் நிலைத்து நின்ற பிறகும் உள்ளே மின்கசிவு, பெட்ரோல் ஆவி, மூடி திறந்த சாக்கடைக் குழி எல்லாம் காத்திருக்கும். இந்த வேலைக்குத்தான் ரிமோட்டில் ஓடும் இறைப்பு ரோபோ.

ரோபோ என்றதும் மனித உருவம் நினைவுக்கு வரலாம். உண்மையில் இது டாங்கி போலச் செயின் பட்டையில் ஓடும் சிறிய வண்டி. அதன் முதுகில் பம்ப், முன்னால் சல்லடை, பின்னால் ஹோஸ். எஞ்சின் இதில் கிடையாது. அது மேலே லாரியில் இருக்கும். அங்கிருந்து ஹைட்ராலிக் எண்ணெய் குழாய் வழியே அழுத்தத்தோடு வந்து செயினையும் பம்பையும் சுழற்றும். நீருக்குள் மின்சாரம் போகாததுதான் இந்த அமைப்பின் பெரிய லாபம். மின்மோட்டார் வைத்த ரோபோக்களும் உண்டு. அவற்றுக்கு, மின்சாரம் கசிந்ததும் இணைப்பை அறுக்கும் நிலக்கசிவுத் துண்டிப்பான் இல்லாமல் சுவிட்சைத் தொடவே கூடாது. டீசல் பம்பை அப்படியே பேஸ்மென்ட்டுக்குள் இறக்கி ஓட்டும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது கொலைக்குச் சமம். மூடிய இடத்தில் புகையின் கார்பன் மோனாக்சைடு மணமில்லாமல் ஆளைச் சாய்த்துவிடும்.

வாங்குபவர்கள் முதலில் கேட்பது மணிக்கு எத்தனை கன மீட்டர் என்று. அதைவிட முக்கியமான கேள்வி ஹோஸின் விட்டம். மணிக்கு 1,000 கன மீட்டர் என்றால் நொடிக்கு 278 லிட்டர். அதை 300 மி.மீ. ஹோஸில் 100 மீட்டர் தூரம் தள்ளினால் உராய்வில் போவது ஏறக்குறைய 5 மீட்டர் உயரத்துக்குச் சமம். அதே தண்ணீரை 200 மி.மீ. ஹோஸில் தள்ளினால் 36 மீட்டர்! பேஸ்மென்ட்டின் ஆழம் 8 மீட்டர்தான். மீதியெல்லாம் ஹோஸே தின்றுவிடும். இந்த ரோபோக்களில் பெரும்பாலும் இருக்கும் அச்சுவழிப் பம்ப் (கப்பலின் சுழலி போலத் தண்டின் திசையிலேயே நீரைத் தள்ளுவது) தண்ணீரை நிறையத் தள்ளும், ஆனால் உயரத்துக்கு ஏற்றாது. கைவசம் இருக்கிறதே என்று சின்ன கப்ளிங்கை இடையில் மாட்டிவிட்டு "பம்ப் சரியில்லை" என்று குறை சொல்வது வழக்கமாக நடக்கும் கூத்து. ஆழம் கூடுதலானால் பாதி வழியில் இன்னொரு பம்பை வைத்துக் கைமாற்றுவதே சரி. 15 மீட்டர் மொத்த உயரத்துக்கு 1,000 கன மீட்டர் ஏற்ற, பம்பிலும் ஹைட்ராலிக்கிலும் ஆகும் இழப்பைச் சேர்த்தால், எஞ்சின் சுமார் 90 கிலோவாட் தர வேண்டியிருக்கும்.

அடுத்தது, தண்ணீரை எங்கே விடுவது. இதை முடிவு செய்யாமல் ரோபோவை லாரியிலிருந்து இறக்கவே கூடாது. 450 மி.மீ. மழைநீர் வடிகால், 200-க்கு 1 சரிவில், காலியாக இருந்தாலே நொடிக்கு ஏறத்தாழ 200 லிட்டர்தான் வாங்கும். ஒரே ரோபோ 278 லிட்டர் தருகிறது. வெள்ள நாளில் அந்த வடிகாலும் நிரம்பித்தான் கிடக்கும். விளைவு: இறைத்த தண்ணீர் தெருவைச் சுற்றி வந்து, கட்டடத்தின் காற்றுத் துளை வழியே மறுபடி உள்ளே விழும். மணிக்கணக்கில் டீசல் எரிந்தும் மட்டம் அசையவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். இறைப்பதற்கு முன்பே ரேம்ப் வாயில் மணல் மூட்டை அடுக்கி வரத்தை அடைக்க வேண்டும். ஒரு ஹெக்டேர் பரப்பின் மழைநீர் முழுக்க உள்ளே வடிகிறது, மழை மணிக்கு 50 மி.மீ. என்றால் வரத்து மட்டும் மணிக்கு 500 கன மீட்டர். பம்பின் பாதித் திறன் அதற்கே சரி.

இறக்கும்போது வரிசை முக்கியம். மின்துண்டிப்பை வாய்ச்சொல்லாக ஏற்காமல் எழுத்தில் வாங்குங்கள். ரேம்ப் வாயின் உயரத்தையும் திருப்பத்தையும் அளவு நாடாவால் அளந்துவிடுங்கள். வரைபடத்தை மட்டும் நம்பினால் பிற்பாடு மாட்டிய பைப்பும் கேபிள் தட்டும் வழியை மறிக்கும். ஹோஸைக் காலியாகவே இழுத்துச் செல்ல வேண்டும். 300 மி.மீ. ஹோஸ் நிரம்பினால் மீட்டருக்கு 70 கிலோ. தண்ணீருக்கு வெளியே ரேம்பில் கிடக்கும் 50 மீட்டரின் எடை மூன்றரை டன். பம்பை ஓடவிட்ட பிறகு ரோபோவைத் திருப்ப நினைத்தால் செயின் சேற்றில் சுழலும், அல்லது ஹோஸ் மடங்கும். மடங்கிய இடத்தில் அழுத்தம் ஏறி கப்ளிங் பிடுங்கிக்கொள்ளும். அந்த வேகத்தில் வீசும் கப்ளிங்குக்குப் பக்கத்தில் ஆள் நிற்கக் கூடாது. வெளியேற்று முனையையும் முன்கூட்டியே கட்டிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் அது பாம்பு போலத் துள்ளும்.

ரிமோட் விஷயத்தில் ஒரு மயக்கம் உண்டு. ரேடியோ அலை ஒரு சாண் தண்ணீருக்குள்ளேயே அணைந்துவிடும், கம்பி பின்னிய கான்கிரீட்டும் அதை மறிக்கும். அதனால் முழுக மூழ்கும் ரோபோவுக்கு கேபிள் வழியே கட்டளை போவதே நம்பகமானது. ரேடியோ மேலே நிற்கும் ஆபரேட்டருக்கும் லாரிக்கும் இடையில் மட்டும் போதும். தொடர்பு அறுந்தால் வண்டி தானாக நிற்க வேண்டும். இதை இறக்குவதற்கு முன் ஒவ்வொரு முறையும் சோதிக்க வேண்டும். கலங்கிய தண்ணீரில் கேமரா வெறும் பழுப்புத் திரைதான். ஒலியால் தடையைக் கண்டுபிடிக்கும் சோனார் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் சாய்வுமானி, ஆழமானி, செயினின் எண்ணெய் அழுத்தம் மூன்றையும் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். செயின் அழுத்தம் திடீரென ஏறினால் முன்னால் ஏதோ தடுக்கிறது. பெரும்பாலும் அது மிதந்து வந்து குறுக்கே உட்கார்ந்த காராக இருக்கும். 2021 ஜூலையில் சீனாவின் செங்சோ நகரில் வெள்ளம் நுழைந்த ஜிங்குவாங் சுரங்கச் சாலைக்குள் சிக்கியவை மட்டும் 200-க்கும் மேற்பட்ட வாகனங்கள். சிறிய காரை நகர்த்த 30 செ.மீ. தண்ணீரே போதும்.

அடிக்கடி வரும் தொல்லை என்னவோ சல்லடை அடைப்புதான். மெத்தை, தார்ப்பாய், பிளாஸ்டிக் பை. வெளியேறும் தண்ணீர் குறைந்து, பம்ப் மோட்டாரின் எண்ணெய் அழுத்தம் ஏறினால் அடைப்பு என்று வைத்துக்கொள்ளலாம். பம்பை நிறுத்தினாலே ஹோஸில் நிற்கும் தண்ணீர் திரும்பி ஓடிப் பாதிக் குப்பையைத் தள்ளிவிடும். ஆனால் எதிர்த்திசையில் சுழலும் இம்பெல்லர் (பம்பின் இறக்கைச் சக்கரம்) முழுக்க நின்ற பிறகே மறுபடி ஓட்ட வேண்டும். அச்சுவழிப் பம்பை வால்வு மூடியபடி ஓட்டக் கூடாது. அந்த நிலையில்தான் அது அதிக சக்தி கேட்கும்.

உள்ளே ஆள் சிக்கியிருந்தால் முழு வேகத்தில் இறையுங்கள், வேறு பேச்சில்லை. இல்லையென்றால் அவசரம் வேண்டாம். வெளியே மண்ணில் ஊறி நிற்கும் நீர், ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் சதுர மீட்டருக்கு 1 டன் வீதம் அடித்தளத்தை மேலே தள்ளும். உள்ளே நிற்கும் தண்ணீர் அதுவரை எதிர்ப் பாரமாக இருந்தது. அதை ஒரே மூச்சில் எடுத்தால் பழைய சுவரும், மேலே பாரம் ஏறாத புதுக் கட்டடமும் விரிசல் விடும். வீட்டு நிலவறைகளுக்கு அமெரிக்கப் பேரிடர் முகமையான ஃபெமா சொல்லும் வழி எளியது: ஓர் அடி இறைத்துச் சுவரில் கோடு போடு, இரவு முழுக்க விடு, காலையில் மட்டம் கோட்டுக்கு மேல் ஏறியிருந்தால் இன்னும் நேரம் வரவில்லை. பெரிய கட்டடத்துக்கு வேகத்தைக் கட்டமைப்புப் பொறியாளர் சொல்ல வேண்டும்.

மட்டம் முழங்காலுக்கு வந்ததும் சுழல் விழுந்து பம்ப் ஏர் வாங்கத் தொடங்கும். வேகத்தைக் குறைத்தால் இன்னும் கொஞ்சம் எடுக்கலாம், அதற்குமேல் ரோபோவால் முடியாது. மிச்சத்துக்குச் சேறு தாங்கும் சிறிய பம்ப் வேண்டும், அதை வைக்க ஆள் இறங்க வேண்டும். அதற்கு முன் நான்கு வாயுக்களை அளக்கும் மீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்கி மேல், நடு, தரை மூன்று மட்டத்திலும் பார்க்க வேண்டும். ஆக்ஸிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், அல்லது எரிவாயு அளவு தீப்பற்றும் கீழ் வரம்பில் (தீப்பிடிக்கத் தேவையான குறைந்தபட்ச அளவு) 10 சதவீதத்தைத் தொட்டால், காற்றூதியை வைத்துவிட்டு வெளியிலேயே காத்திருக்க வேண்டும். சேற்றை மிதிக்கும்போது அடியில் தங்கிய ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயு கிளம்பும் என்பதால் மீட்டர் இறங்குபவரின் சட்டையிலேயே இருக்கட்டும்.