கஞ்சா வழக்கும் 64-ஏ பிரிவும்: குடும்பத்தார் தெரிந்துகொள்ள வேண்டியவை

"பையனைக் கஞ்சா கேஸில் பிடித்துவிட்டார்கள்" என்று தகவல் வந்ததும், பல வீடுகளில் முதல் வேலை தெரிந்த அரசியல் கட்சிக்காரரைத் தேடுவதுதான். அடுத்த வேலை, யாருக்காவது பணம் கொடுத்து முடிக்க முடியுமா என்று அலைவது. போதைக்கு அடிமையான ஒருவர் தாமாக முன்வந்து சிகிச்சை எடுத்துக்கொண்டால் அவர் மீது வழக்கு நடத்தக் கூடாது என்று சட்டத்திலேயே ஒரு பிரிவு இருப்பது அந்த வீடுகளுக்குத் தெரிவதில்லை. அதுதான் 64-ஏ. அது எல்லோருக்கும் கிடைத்துவிடாது. யாருக்குக் கிடைக்கும் என்பதை முதலில் தீர்மானிப்பது எடை.

என்.டி.பி.எஸ். என்று சொல்லப்படும் போதைப்பொருள்கள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் 1985 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்தச் சட்டத்தில் கஞ்சா என்பது செடியின் பூத்த அல்லது காய்த்த நுனிப் பகுதி. அந்த நுனியோடு சேராத தனி இலையும் விதையும் கஞ்சா ஆகாது. வட மாநிலங்கள் சிலவற்றில், இந்தச் செடியின் இலையில் செய்யும் 'பாங்கு' உரிமம் பெற்ற கடைகளிலேயே விற்கப்படுவது இதனால்தான். செடியின் பிசினான சரஸுக்குக் கணக்கு தனி.

2001 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கைப்படி, கஞ்சா 1 கிலோவுக்குக் குறைவாக இருந்தால் சிறிய அளவு, 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. சிறிய அளவுக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வணிக அளவுக்குக் குறைந்தபட்சமே 10 ஆண்டு, அதிகபட்சம் 20 ஆண்டு. இடைப்பட்ட அளவுக்கு 10 ஆண்டு வரை போகலாம். சரஸ் என்றால் சிறிய அளவின் வரம்பு 100 கிராம்தான்.

ஆக, 950 கிராமும் 1,050 கிராமும் ஒன்றல்ல. முதலாவதில் அதிகபட்சம் ஓராண்டு, இரண்டாவதில் பத்தாண்டு. அதனால் பறிமுதல் மகஜரின், அதாவது எதை, எவ்வளவு பிடித்தார்கள் என்று போலீஸ் எழுதும் பதிவின், நகலை வாங்கி நிதானமாகப் படிக்க வேண்டும். பையோடு சேர்த்து எடை போட்டார்களா? பூ நுனி என்று எழுதியிருக்கிறதா, அல்லது இலை, தண்டு, விதை எல்லாம் கலந்த பொருள் என்று இருக்கிறதா? மாதிரி எடுத்தது மாஜிஸ்திரேட் முன்னிலையிலா? பறிமுதல் செய்த பொருளை மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோய் அவர் முன்னிலையில்தான் மாதிரி எடுக்க வேண்டும் என்பது 52-ஏ பிரிவு. வழக்கறிஞரிடம் முதல் நாளே காட்ட வேண்டிய காகிதம் இந்த மகஜர்தான்.

அப்புறம், எஃப்.ஐ.ஆரில் எந்தப் பிரிவு என்று பாருங்கள். கஞ்சா புகைத்ததற்கு 27-ஆவது பிரிவு: ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கையில் வைத்திருந்ததற்கு 20-ஆவது பிரிவு. சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்ததும் விற்க வைத்திருந்ததும் 20-இல் ஒன்றுதான், எடை மட்டுமே வேறுபாடு. புகைத்து முடித்தவரைவிட, புகைப்பதற்காகச் சட்டைப்பையில் ஒரு பொட்டலம் வைத்திருந்தவருக்கு அதிகத் தண்டனை. இது நியாயமாக எனக்குப் படவில்லை. இன்னொரு வித்தியாசமும் உண்டு. 27-ஆவது பிரிவில் தண்டிக்கப்பட்டவருக்கு நன்னடத்தைச் சட்டத்தின் கீழ், சிறைக்குப் போகாமல், விடுவிப்புக் கேட்கலாம் என்கிறது 33-ஆவது பிரிவு. 20-ஆவது பிரிவு என்றால், 18 வயதைக் கடந்தவருக்கு அந்த வாய்ப்பு கிடையாது.

சரி, 64-ஏ-வுக்கு வருவோம். 27-ஆவது பிரிவிலோ சிறிய அளவு சம்பந்தப்பட்ட குற்றத்திலோ குற்றம் சாட்டப்பட்டவர், போதைக்கு அடிமையானவராக இருந்து, தாமாகவே சிகிச்சை கேட்டு, அதை எடுத்துக்கொண்டால் அந்தக் குற்றத்துக்காக அவர் மீது வழக்கு நடத்தக் கூடாது. சிகிச்சை தரும் இடம் அரசோ உள்ளாட்சி அமைப்போ நடத்துவதாகவோ, அவற்றின் அங்கீகாரம் பெற்றதாகவோ இருக்க வேண்டும். சிகிச்சையைப் பாதியில் விட்டால் இந்தப் பாதுகாப்பு ரத்து செய்யப்படலாம்.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. சட்டம் 'அடிமையானவர்' என்று சொல்வது போதைப்பொருளைச் சார்ந்து வாழும் நிலைக்கு வந்துவிட்டவரை மட்டும். நண்பர்களோடு சேர்ந்து முதல் தடவை இழுத்துப் பார்த்த கல்லூரி மாணவருக்கு அந்த வரையறை பொருந்தாது. பழக்கம் முற்றியவருக்கு இருக்கும் வழி, தொடக்கத்திலேயே மாட்டியவருக்கு இல்லை. சட்டத்தைத் திருத்துவதென்றால் முதலில் தொட வேண்டிய இடம் இதுதான்.

64-ஏ கேட்பதற்கு மருத்துவரின் காகிதம் வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டி, புறநோயாளிச் சீட்டு, சார்பு நிலை பற்றிய சான்று, சேர்க்கை விவரம் ஆகியவற்றை வாங்கி வழக்கறிஞர் மூலம் நீதிமன்றத்தில் மனுவோடு வைக்க வேண்டும். இதை எவ்வளவு முன்னதாகச் செய்கிறோமோ அவ்வளவு நல்லது. குற்றம் நிரூபணமான பிறகும் வழி முழுதாக அடைபடுவதில்லை. 39-ஆவது பிரிவின்படி, அடிமையானவரை உடனே சிறைக்கு அனுப்பாமல், அவர் சம்மதத்தோடு, பிணைப்பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. சிகிச்சையின் பலனை ஓராண்டுக்குள் நீதிமன்றத்தில் தெரிவிக்க வேண்டும்.

ஜாமீன் விஷயம். 37-ஆவது பிரிவின் கடுமையான நிபந்தனை, அதாவது இவர் குற்றமற்றவர் என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாக நீதிபதிக்கே தோன்ற வேண்டும் என்பது, கஞ்சா வழக்குகளில் முக்கியமாக வணிக அளவுக்குத்தான். சிறிய அளவுக்கு அது தடையில்லை. ஆனால் தமிழ்நாட்டில் குண்டர் சட்டம் போதைப்பொருள் குற்றவாளிகளுக்கும் பொருந்தும். அது பாய்ந்தால் ஓராண்டு வரை தடுப்புக் காவல்.

உடலைச் சோதனையிடும் முன், மாஜிஸ்திரேட் அல்லது கெசட்டட் அதிகாரி முன்னிலையில் சோதனை கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்று அதிகாரி சொல்லியாக வேண்டும். இது 50-ஆவது பிரிவு. கையில் இருக்கும் பைக்கு இது பொருந்தாது, உடல் சோதனைக்கு மட்டுமே. பெண்ணைப் பெண்தான் சோதனையிடலாம். விசாரணை அதிகாரியிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்துத் தண்டிக்க முடியாது என்று, தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 18 வயது நிரம்பாதவர் என்றால் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போக வேண்டும். பள்ளிச் சான்றிதழையோ பிறப்புச் சான்றிதழையோ உடனே எடுத்துக்கொண்டு போங்கள்.

'இந்தியாவில் கஞ்சாவுக்கு அனுமதி வந்துவிட்டது' என்று அவ்வப்போது வாட்ஸ்அப்பில் சுற்றும். வரவில்லை. உத்தராகண்டில் அனுமதித்திருப்பது நாருக்கும் விதைக்கும் வளர்க்கும், போதைச் சத்து மிகக் குறைந்த சணல்வகைக் கஞ்சாச் செடியை. 2020 டிசம்பரில், மிக ஆபத்தான பொருள்களின் பட்டியலிலிருந்து கஞ்சாவை எடுக்கலாமா என்று ஐ.நா.வின் போதைப்பொருள் ஆணையத்தில் வாக்கெடுப்பு நடந்தபோது இந்தியா ஆதரவாக வாக்களித்தது. அது 27-க்கு 25 என்று நிறைவேறியது. 2021-இல் சொந்த உபயோகத்துக்கான சிறிய அளவைக் குற்றமாக்க வேண்டாம் என்று மத்திய சமூக நீதி அமைச்சகமே பரிந்துரைத்தது. சட்டம் மாறவில்லை.

ஜெர்மனி 2024 ஏப்ரல் முதல் பெரியவர்கள் பொதுவெளியில் 25 கிராம் வரை வைத்திருக்க அனுமதிக்கிறது. அந்த அளவுக்கு நாம் போக வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் போர்ச்சுகல் 2001-இல் செய்ததை நாம் செய்யலாம். பத்து நாள் உபயோகத்துக்குள் வைத்திருந்து பிடிபட்டவர் அங்கே குற்றவியல் நீதிமன்றத்துக்குப் போவதில்லை. சட்டம், உளவியல், சமூகப்பணி தெரிந்தவர்கள் உள்ள குழு ஒன்றின் முன் உட்காருகிறார். விற்பவருக்கு அங்கேயும் வழக்கு உண்டு. மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளிவந்த ஆய்வுப்படி, கஞ்சா வகைப் பழக்கத்துக்கு உதவி தேவைப்படுவோர் இந்தியாவில் சுமார் 72 லட்சம் பேர். இத்தனை பேரை லாக்கப்பில் வைத்துக் குணப்படுத்த முடியாது.

சட்டம் திருந்தும்வரை, இருக்கும் பிரிவையாவது பயன்படுத்துவோம். ஒன்றில் மட்டும் கவனம்: பலகை மாட்டிய 'மறுவாழ்வு மையம்' எல்லாம் அங்கீகாரம் பெற்றவை அல்ல. முன்பணம் கட்டும் முன் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். அங்கீகாரம் இல்லாத இடத்தில் மாதக்கணக்கில் இருந்துவிட்டு வந்தாலும் 64-ஏ-வுக்கு அது செல்லாது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446-க்குக் கூப்பிடுங்கள், கட்டணம் கிடையாது. வழக்கு வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை.